இணக்கமும் கடப்பாடும்: நவஹோ அமைதியாக்க மரபு குறித்த திறனாய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பூர்வகுடிச் சமூகங்கள் தம் குடும்ப வழக்குகளையும் உரிமையியல் வழக்குகளையும் தம் பண்பாட்டு நெறிகளின்படி தாமே தீர்த்துக்கொள்ளும் முறைகளுக்கு, அமெரிக்காவின் நவஹோ மக்கள் 1982இல் உருவாக்கிய அமைதியாக்க மன்றம் முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டு வருகிறது. அதனைப் போற்றுவோர் அது இணக்கத்தை மீட்கும் நீதி என்கின்றனர். ஐயுறுவோர், இணக்கம் என்பதே வலிமையற்றோரை அடக்கும் கருத்தியலாகலாம் என்கின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் 'இணக்கம்' என்ற ஒரே சொல்லைச் சுற்றியே நிகழ்வதால், அம்மரபின் உள்ளீடாகிய உறவுக் கடப்பாடு போதிய கவனம் பெறவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். ராபர்ட் யாஸி, லாரா நேடர், டோனா கோக்கர், ஜெனிஃபர் நெஸ் டெனட்டேல் ஆகியோரின் எழுத்துகள் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. நவஹோ கருத்தாக்கங்களைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நவஹோ, அமைதியாக்கம், உறவுக் கடப்பாடு, ஈடு, இணக்கக் கருத்தியல், குடும்ப வன்முறை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

'பண்பாட்டு வேர்கொண்ட சமரசம்' என்ற தொடர் இன்று சட்டவியல், மானிடவியல், சமூகப்பணி ஆகிய மூன்று துறைகளிலும் வழங்குகிறது. இத்தொடர் இருவேறு பொருள்களில் ஆளப்படுகிறது. ஏற்கெனவே உள்ள ஒரு சமரச முறைக்கு உள்ளூர் வழிபாடு, மொழி, இருக்கை முறை ஆகியவற்றைச் சேர்ப்பது ஒன்று. யார் தரப்பினர், யார் நடுவிருப்பவர், எது தீர்வு என்னும் அடிப்படை வினாக்களுக்கே ஒரு சமூகம் தன் நெறியிலிருந்து விடை காண்பது மற்றொன்று. முன்னது ஒப்பனை, பின்னது சட்டக் கோட்பாடு. நவஹோ அமைதியாக்கம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதில் அதனை ஆராய்ந்தோரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அக்கோட்பாடு எவரைக் காக்கிறது என்பதிலேயே வேறுபாடு எழுகிறது.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கணவனால் தாக்கப்பட்ட ஒரு பெண் நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையை நாடுவதா, உறவினர் கூடும் அமைதியாக்க அமர்வை நாடுவதா என்பதற்கு இம்மரபைப் பற்றிய நம் மதிப்பீடு ஒரு விடையை உட்கொண்டிருக்கிறது. எனவே போற்றுதலும் மறுத்தலும் போதா. அம்மரபு செயற்படும் விதத்தைக் கூறுகூறாக நோக்குதல் வேண்டும்.

1. நீதிமன்றத்துக்குள் வந்த மரபு

தம்மை 'டினே' என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்களின் நாடு அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரவியுள்ளது. 1864இல் அமெரிக்கப் படையால் தம் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, போஸ்கே ரெடோண்டோவுக்கு நெடுநடையாகக் கொண்டுசெல்லப்பட்ட அவர்கள், 1868ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே ஊர் திரும்பினர். பூர்வகுடி மக்களின் சடங்குகளையும் பலதார மணத்தையும் மருத்துவப் பூசகர்களின் செயல்களையும் குற்றங்களாக்கிய 'இந்தியக் குற்ற நீதிமன்றங்கள்' 1883இல் நடுவணரசால் வகுக்கப்பட்டன. நவஹோ நாட்டில் அத்தகைய நீதிமன்றம் 1892இல் வந்தது. நவஹோ மக்கள் தம் சொந்த நீதிமன்ற அமைப்பை 1958இல் சட்டமாக்கி 1959இல் தொடங்கினர். மாநில அரசுகளின் அதிகார எல்லைக்குள் தாம் இழுக்கப்படுவதைத் தவிர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் அந்நீதிமன்றங்களின் வடிவம் பெரும்பாலும் ஆங்கிலோ–அமெரிக்க வடிவமே.

1982இல் நவஹோ நீதிபதிகள் அமைதியாக்க மன்றத்தை உருவாக்கியது இப்பின்னணியில்தான். உள்ளூர்ப் பிரிவுகளில் மதிக்கப்பெற்றோர் அமைதியாக்குநராகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். மணமுறிவு, பிள்ளை வளர்ப்பு, நிலத்தகராறு, மேய்ச்சல் உரிமை, கடன் முதலிய வழக்குகள் அவர்களிடம் வந்தன. அமர்வில் எட்டப்பட்ட உடன்பாட்டை மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பாகப் பதிந்துகொள்ளவும் வழி இருந்தது. ஆகவே அரசு அமைப்பின் துணையோடு மீட்டெடுக்கப்பட்ட ஒரு மரபே நம்முன் உள்ளது. 'தூய மரபு' என்றோ 'புனைந்த மரபு' என்றோ ஒற்றைச் சொல்லால் அதனை முத்திரையிடுவது பொருந்தாது. நவஹோ உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ரேமண்ட் ஆஸ்டின் நவஹோ பொதுச்சட்டம் பற்றி 2009இல் வெளியிட்ட நூல், இம்மரபின் கருத்தாக்கங்கள் எழுத்து வடிவத் தீர்ப்புகளிலும் சட்டக் கோட்பாடுகளாக ஆளப்படுவதைக் காட்டுகிறது.

2. நடுநிலையும் உறவும்

1992 முதல் 2003 வரை நவஹோ நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த ராபர்ட் யாஸி 1994இல் எழுதிய 'வாழ்வு அதிலிருந்தே வருகிறது: நவஹோ நீதிக் கருத்துகள்' என்னும் கட்டுரை இத்துறையின் அடிப்படைப் பனுவலாகக் கருதத்தக்கது. அதில் யாஸி நீதிமுறைகளைச் செங்குத்து, கிடைமட்டம் என இரண்டாகப் பகுக்கிறார். செங்குத்து முறையில் நீதிபதி மேலே இருக்கிறார். உண்மை எது என்பதை அவரே முடிவுசெய்கிறார். ஒருவர் வெல்கிறார், மற்றவர் தோற்கிறார். கிடைமட்ட முறையில் எவரும் எவருக்கும் மேலானவர் அல்லர். பேசிப் பேசி ஒருமித்த முடிவுக்கு வருதலே நீதி.

இப்பகுப்பின் அடித்தளம் மூன்று சொற்கள். 'ஹோஜோ' என்பது அனைத்தும் தத்தம் இடத்தில் முறையாக அமைந்திருக்கும் நிலை. அழகு, நலம், சமநிலை ஆகிய யாவும் அதில் அடங்கும். 'க்கே' என்பது மனிதரை ஒருவரோடொருவரும் உலகோடும் பிணைக்கும் உறவுப்பற்று. அது உணர்ச்சி மட்டுமன்று, கடமையும் ஆகும். 'நாட்டானீ' என்பவர் சொல்வன்மையாலும் திட்டமிடும் திறனாலும் நன்னடத்தையாலும் மதிப்புப் பெற்ற வழிகாட்டி. ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அமர்வு வேண்டுதலோடு தொடங்குகிறது. தரப்பினரும் அவர்தம் உறவினரும் தம் மனத்தாங்கலைச் சொல்கின்றனர். அதன்பின் நாட்டானீ தோற்றக் கதைகளிலிருந்தும் முன்னோர் வழக்கங்களிலிருந்தும் எடுத்துக்காட்டி அறிவுரை கூறுகிறார். பிறகு மீண்டும் பேச்சு, உடன்பாடு, நிறைவு வேண்டுதல். ஃபில்மர் புளூஹவுஸும் ஜேம்ஸ் ஸயனும் 1993இல் எழுதிய கட்டுரை இம்முறையை ஒரு நீதிச் சடங்காகவே விளக்குகிறது.

நீதிமன்றம் சார்ந்த பொது மத்தியஸ்த முறையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பொது முறையில் மத்தியஸ்தர் அயலார். வழக்கில் அவருக்கு எவ்விதத் தொடர்பும் இருத்தலாகாது. தம் கருத்தை அவர் சொல்வதில்லை. தரப்பினர் தனி மனிதர்கள். பேச்சு மூடிய அறையில் நிகழ்கிறது. நவஹோ முறையில் நாட்டானீ தரப்பினருக்கு அறிமுகமானவர், சிலவேளை உறவினரும்கூட. எது சரி, எது தவறு என்பதில் அவருக்கு உறுதியான கருத்துண்டு. அதைச் சொல்வதே அவர் பணி. ஒரு நவஹோ தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது தாயின் குலத்தையும், எக்குலத் தந்தைக்குப் பிறந்தவர் என்பதையும், தாய்வழி, தந்தைவழிப் பாட்டனார் குலங்களையும் சொல்வது வழக்கம். எனவே அமர்வில் ஒருவர் பேசும்போது பேசுபவர் உறவுகளின் ஒரு முடிச்சாகவே கொள்ளப்படுகிறார்.

நடுநிலை என்னும் கருத்துக்கு யாஸி முன்வைக்கும் இம்மாற்று வலிமையானது. முற்றிலும் தொடர்பற்ற ஒருவரே நேர்மையாக இருக்க முடியும் என்பது எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான உண்மையன்று என்பதை அது நிறுவுகிறது. ஆயினும் அவருடைய வாதத்தில் ஓர் இடைவெளி உள்ளது. கிடைமட்ட முறையில் அனைவரும் சமம் என்பது விளக்கமாகவும் சொல்லப்படுகிறது, விதியாகவும் சொல்லப்படுகிறது. சமமாக இருக்க வேண்டும் என்பதிலிருந்து சமமாக இருக்கின்றனர் என்ற முடிவுக்கு அவருடைய கட்டுரை எளிதில் கடந்துவிடுகிறது.

உறவினர் நடுவே நிகழும் தீர்வு நேர்மையாக அமைவது, எந்த உறவினர் நடுவே அது நிகழ்கிறது என்பதைப் பொறுத்தது. நவஹோ சமூகம் தாய்வழிச் சமூகம். மணமான பின் கணவன் மனைவியின் தாய் வாழும் இடத்தை அடுத்துக் குடியேறுவதே விரும்பப்பட்ட வழக்கம். அவ்வமைப்பில் மனைவியைச் சுற்றி அவளுடைய தாயும் உடன்பிறந்தாரும் இருப்பர், கணவனே வந்தேறியவன். அவன் தவறிழைத்தால் கேட்க ஆளிருந்தது. இன்று இணையர் பலர் வேலை நிமித்தம் நகரியக் குடியிருப்புகளிலோ கணவன் வீட்டாருக்கு அருகிலோ வாழ்கின்றனர். உறவின் நிலவியல் மாறிய பின்னும் அமர்வின் வடிவம் மட்டும் மாறாதிருந்தால், பெண்ணுக்குக் காப்பாக இருந்த அதே உறவு வளையம் அவளை வளைக்கும் வளையமாக மாறக்கூடும். யாஸியின் செங்குத்து–கிடைமட்டப் பகுப்பில் இம்மாற்றத்தைக் குறிக்க இடமில்லை.

3. 'போதும்' என்று சொல்லும் உரிமை

அமைதியாக்கத்தின் மற்றொரு தூண் 'நால்யேஹ்'. தீங்கிழைத்தவர் தீங்குற்றவருக்குச் செய்ய வேண்டிய ஈட்டினை இச்சொல் குறிக்கும். ஈடு பணமாகவே இருக்க வேண்டியதில்லை. ஆடு மாடுகளாகவோ அணிகலன்களாகவோ உழைப்பாகவோ இருக்கலாம். மதிப்பீட்டு அட்டவணை எதுவும் இதற்கில்லை. தீங்குற்றவர் மனத்தில் கசப்பு எஞ்சாத அளவே உரிய அளவு. ஈட்டைத் தருவது தவறிழைத்தவரோடு நிற்பதில்லை; அவருடைய உறவினரும் பங்கேற்கின்றனர். அதனால் அவர் மீண்டும் தவறாமல் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கும் அக்கறை பிறக்கிறது.

குடும்ப வழக்குகளில் இதன் பயன் பெரிது. வேலையற்ற தந்தை ஒருவர் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டால், அவ்வாணை வெறுந்தாளாகவே எஞ்சும். மீறினால் சிறை, சிறையால் மேலும் வறுமை. அதற்கு மாறாக, பிள்ளை வளரும் வீட்டுக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு கொண்டுவந்து தருவது போன்ற கடமையை இரு வீட்டாரும் கூடி வரையறுத்தால், அது நிறைவேறும் வாய்ப்பு அதிகம். பிள்ளையின் தேவையும் தந்தையின் இயலுமையும் ஒருங்கே கணக்கில் கொள்ளப்படுகின்றன. தந்தை என்னும் உறவும் அற்றுப்போவதில்லை.

இங்கு நாம் காண்பது இணக்கத்தைக் காட்டிலும் கடப்பாடு. நால்யேஹ் கேட்பவர் தம் மனக்கசப்பை மறைக்க வேண்டியதில்லை; எவ்வளவு கசப்பு உள்ளது என்பதே அளவுகோல். எனவே அமைதியாக்கத்தை 'மன்னித்து மறக்கும் முறை' என எளிமைப்படுத்துவது பிழை. அதன் மையத்தில் ஒரு கோரிக்கை இருக்கிறது. அக்கோரிக்கையை எழுப்பும் உரிமையும், தரப்பட்டது போதாது என்று சொல்லும் உரிமையும் உண்மையில் எவர் கையில் இருக்கின்றன என்பதே கேட்க வேண்டிய வினா. தீங்குற்றவர் இளம்பெண்ணாகவும், கூடியிருப்போர் மூத்தோராகவும் இருக்கையில், 'போதும்' என்ற சொல்லை அவள் சொல்கிறாளா, அவளுக்காக மற்றவர் சொல்கின்றனரா? கோட்பாடு முதலாவதையே வேண்டுகிறது. நடைமுறையில் இரண்டாவது நிகழ்ந்தால் அது கோட்பாட்டின் பெயரால் நிகழும் கோட்பாட்டு மீறல் என்றே கொள்ள வேண்டும்.

4. இணக்கக் கருத்தியல்: நேடரின் வாதமும் அதன் எல்லையும்

இணக்கத்தைப் போற்றும் சட்ட எழுத்துகளின் மீது மிகக் கூர்மையான ஐயத்தை எழுப்பியவர் மானிடவியலர் லாரா நேடர். மெக்சிகோவின் ஒஹாகா மலைப்பகுதியில் தலேயா என்னும் சபோடெக் ஊரில் அவர் செய்த நெடுங்கால ஆய்வின் பயனாக 1990இல் 'இணக்கக் கருத்தியல்' என்னும் நூல் வெளிவந்தது. பூர்வகுடிச் சமூகங்கள் இயல்பாகவே இணக்கம் நாடுபவை என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. இணக்கத்தைச் சிறப்பித்துப் பூசலைப் பழிக்கும் சட்டப் பண்பாடு, ஸ்பானியக் குடியேற்ற ஆட்சியோடும் கிறித்தவச் சமயப் பரப்புரையோடும் வேரூன்றியது என்பது அவர் வாதம். அதே வேளையில், அரசின் தலையீட்டைத் தம் ஊருக்குள் விடாமல் தடுக்கத் தலேயா மக்கள் அக்கருத்தியலைத் தாமே ஒரு கருவியாகக் கையாண்டனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1976ஆம் ஆண்டின் பவுண்டு மாநாட்டுக்குப் பின் அமெரிக்காவில் பரவிய மாற்றுத் தகராறுத் தீர்வு இயக்கத்தையும் அவர் இந்நோக்கிலேயே விமர்சித்தார். உரிமை கோருவோரை 'ஒத்துப்போகாதவர்' ஆக்குவதன் வழியே நீதிக் கோரிக்கையைத் தணிக்கும் முறையாக அவர் அதனைக் கண்டார்.

நவஹோ அமைதியாக்க மன்றம் தோன்றியது அவ்வியக்கம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான். எனவே நேடரின் ஐயம் இங்கும் பொருந்துமா என்பது தவிர்க்க முடியாத வினா. ஒரு பகுதி பொருந்தும். இணக்கத்துக்குச் செலவு குறைவு. நீதிமன்றங்களின் சுமையைக் குறைக்க விரும்பும் எந்த நிருவாகத்துக்கும் அது உவப்பானது. ஆனால் மற்றொரு பகுதி பொருந்தாது. ஹோஜோ என்னும் கருத்து நவஹோ தோற்றக் கதைகளிலும் குணமாக்கும் சடங்குகளிலும் ஆழப் பதிந்தது. சமயப் பரப்புரையாளர் கொண்டுவந்ததன்று. மேலும் அமர்வில் நாட்டானீயின் அறிவுரை கண்டிப்பானதாகவும் அமையலாம். தவறிழைத்தவரின் சாக்குப்போக்குகளை அவருடைய உறவினரே மறுத்துரைப்பதை நவஹோ எழுத்தாளர்கள் இம்முறையின் வலிமையாகக் குறிப்பிடுகின்றனர். பூசலை அமுக்குவதே நோக்கமாயின் இத்தகைய வெளிப்படைப் பேச்சுக்கு இடம் இராது.

நேடரின் கருத்தாக்கம் தலேயாவின் வரலாற்றிலிருந்து எழுந்தது. அதனை எல்லாப் பூர்வகுடிச் சமரச முறைகளுக்கும் பொதுவிதியாக்கினால், 'பூர்வகுடியினர் இயல்பாகவே இணக்கமானவர்' என்ற பழைய பொதுமைப்படுத்தலுக்குப் பதிலாக மற்றொரு பொதுமைப்படுத்தலே கிடைக்கும். அவரிடமிருந்து பெற வேண்டியது முடிவை அன்று. வினாவை: இந்த இணக்கம் எப்போது, எவரால், எவருக்காக வேண்டப்பட்டது?

5. கோக்கர் முன்வைக்கும் அளவுகோல்

அவ்வினாவைக் களத்துக்குக் கொண்டுசென்றவர் சட்டப் பேராசிரியர் டோனா கோக்கர். 1999இல் வெளிவந்த அவருடைய நெடுங்கட்டுரை, அடிக்கப்பட்ட பெண்களின் தன்னுரிமைக்கு நவஹோ அமைதியாக்கம் எவ்வாறு உதவுகிறது, எவ்வாறு உதவத் தவறுகிறது என்பதை ஆராய்கிறது. குடும்ப வன்முறை வழக்குகளில் சமரசமே கூடாது என்னும் பெண்ணிய நிலைப்பாட்டை அறிந்தவர் அவர். ஆயினும் அதனை அப்படியே அமைதியாக்கத்தின் மீது ஏற்றவில்லை.

அவர் காட்டும் நன்மைகள் குறிப்பிடத்தக்கவை. அமர்வு கணவன், மனைவி என்னும் இருவரோடு முடிவதில்லை. பெண்ணின் குடும்பம் அவளுக்குப் பின்னால் நிற்க வாய்ப்பளிக்கிறது. கணவனின் குடும்பமும் அவன் செய்ததை நேரிற் கேட்க வேண்டியுள்ளது. நால்யேஹ் வழியாகப் பெண்ணுக்குப் பொருள்வளம் கிட்டலாம். வன்முறைக்குப் பின்னணியான வேலையின்மை, மது, குடியேற்ற ஆட்சியின் வடுக்கள் ஆகியவற்றைப் பேச முடிகிறது. அவ்வாறு பேசுவது கணவனின் பொறுப்பைக் குறைப்பதாக அமைய வேண்டியதில்லை.

குறைகளும் சிறியன அல்ல. எதிர்த்தரப்பினரை நீதிமன்ற அழைப்பாணை வழியாக அமர்வுக்கு வரவழைக்க முடிந்தது. அவ்வாறாயின் கணவனே மனுதாரராகி, பிரிந்து சென்ற மனைவியை அழைக்கும் நிலையும் எழலாம். அமைதியாக்குநர்களின் பார்வை ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலர் இணையரை மீண்டும் சேர்த்துவைப்பதையே தம் கடமையாகக் கருதுகின்றனர். மன்னிப்புக் கோருதலுக்கு மிகை மதிப்புத் தரும்போது அது மலிவான நீதியாகிவிடும் இடரையும் கோக்கர் தம் எழுத்துகளில் எச்சரிக்கிறார். எனவே பங்கேற்பு கட்டாயமாக இருத்தலாகாது என்பது அவர் வலியுறுத்தும் சீர்திருத்தம்.

2000இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் கோக்கர் ஒரு பொது அளவுகோலை முன்வைத்தார். குடும்ப வன்முறை தொடர்பான எந்தச் சட்டமும், ஏழைகளாகவும் நிறவேற்றுமைக்கு உள்ளானோராகவும் உள்ள பெண்களின் பொருள்வளத்தைப் பெருக்குகிறதா என்று சோதிக்கப்பட வேண்டும் என்பது அது. இவ்வளவுகோல் நவஹோ மரபுக்கு அயலானது போல் தோன்றலாம். உண்மையில் நால்யேஹ் என்னும் கருத்தும் அதையேதான் கேட்கிறது: தீங்குற்றவர் கையில் என்ன வந்து சேர்ந்தது? வெளியிலிருந்து வந்த திறனாய்வும் மரபின் உள்ளிருக்கும் அளவுகோலும் இங்கே சந்திக்கின்றன. கோக்கரின் கட்டுரையைப் 'பண்பாட்டுக்கு எதிரான பெண்ணிய வாதம்' என ஒதுக்குவோர் இச்சந்திப்பைக் காணத் தவறுகின்றனர்.

6. மரபை எடுத்துரைப்பவர் எவர்?

நவஹோ பொதுச்சட்டம் பெண்களுக்குக் காப்பளித்தது என்றும், வெளியிலிருந்து திணிக்கப்பட்ட சட்டமே அக்காப்பைக் குலைத்தது என்றும் ஜேம்ஸ் ஸயன், எல்ஸி ஸயன் இருவரும் 1993இல் எழுதினர். அவ்வாதத்துக்கு வரலாற்றில் வலுவான சான்றுண்டு. 1930களில் அமெரிக்க அரசு மண்ணரிப்பைக் காரணங்காட்டி நவஹோ மக்களின் ஆட்டு மந்தைகளைப் பெருமளவு அழித்தது. நவஹோ பெண்கள் தம் பெயரில் மந்தை வைத்திருந்தவர்கள். அம்மந்தையின் இழப்பு அவர்களுடைய பொருளியல் தன்னுரிமையின் இழப்பாகவும் ஆனதை மார்ஷா வைஸிகர் 2009இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துரைக்கிறது. 1923இல் எண்ணெய்க் குத்தகைகளுக்கு ஒப்புதல் பெறும் தேவையை ஒட்டி அமைக்கப்பட்ட நவஹோ மன்றத்தில் ஆண்களே உறுப்பினராயினர்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. அமைதியாக்கத்தின் சமத்துவம் ஒரு குறிப்பிட்ட பொருளியல் அடித்தளத்தின் மேல் நின்றது: பெண் கையில் மந்தை, பெண்ணைச் சூழத் தாய்வழிச் சுற்றம். அவ்வடித்தளத்தைக் குடியேற்ற ஆட்சி சிதைத்தது. அடித்தளத்தை மீட்காமல் சடங்கை மட்டும் மீட்பது பழைய பயனைத் தராது.

மரபு என்ற சொல்லையே ஐயுற வேண்டிய தருணங்களும் உண்டு என்பதை நவஹோ வரலாற்றறிஞர் ஜெனிஃபர் நெஸ் டெனட்டேல் காட்டுகிறார். 2005இல் நவஹோ மன்றம், ஒரே பாலினத்தாரிடையே திருமணத்தைத் தடைசெய்யும் டினே திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டுத் தலைவர் அதனை ஏற்க மறுத்தும், மன்றம் அம்மறுப்பைக் கடந்து சட்டமாக்கியது. சட்டத்தை ஆதரித்தோர் மரபையும் குடும்ப மதிப்பீடுகளையும் காரணமாகக் காட்டினர். ஆண், பெண் என்னும் இரண்டில் அடங்காதோருக்கு நவஹோ மரபில் பெயரும் இடமும் இருந்தன என்பதை நினைவூட்டி, மரபின் பெயரால் பேசப்படுவது எப்போதும் மரபாக இருப்பதில்லை என்று டெனட்டேல் வாதிடுகிறார். குடும்பச் சமரசத்துக்கு இது நேரடித் தொடர்புடையது. குடும்பம் என்பது எது என்று சட்டமே சுருக்கிவிட்டால், அமர்வின் வட்டத்தில் உட்கார உரிமையுள்ளோர் எவர் என்பதும் சுருங்கிவிடுகிறது. வெளியாரின் திறனாய்வைக் காட்டிலும் உள்ளிருந்து எழும் இத்திறனாய்வே கூடுதல் எடை உடையது. மரபைக் கைவிடாமலேயே மரபின் பொருளுக்காக அது வழக்காடுகிறது.

7. தமிழில் பெயர்க்கையில்

இம்மரபைத் தமிழில் எழுதுவோர் தம் சொற்களைத் தேர்வதிலேயே ஒரு விளக்கத்தையும் செய்துவிடுகின்றனர். 'நாட்டானீ' என்னும் ஒலிப்பு நமக்கு 'நாட்டாண்மை'யை நினைவூட்டுகிறது. இது தற்செயலான ஒலியொப்புமை. பொருளிலோ இரண்டும் நேர் எதிரானவை. நாட்டாண்மை என்பது பெரும்பாலும் குறிப்பிட்ட சாதியினரிடம் வழிவழியாக நிற்கும் ஊரதிகாரம். நாட்டானீ வற்புறுத்தும் அதிகாரமற்றவர். சாதிப் பஞ்சாயத்துகளையும் கட்டப் பஞ்சாயத்துகளையும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கண்டித்ததை அறிந்த தமிழ் வாசகர், 'பழங்குடிப் பஞ்சாயத்து' என்ற மொழிபெயர்ப்பைக் கண்டால் தம் அனுபவத்தையே நவஹோ மீது ஏற்றிப் பார்ப்பார். அவ்வையம் பயனற்றதன்று, ஆயினும் அது வாசிப்பின் தொடக்கமாக இருக்கலாமே அன்றி முடிவாதல் கூடாது.

'சமரசம்' என்ற சொல்லிலும் இரு பொருள்கள் உள்ளன. வள்ளலாரின் சன்மார்க்க நெறியில் அது வேறுபாடு கடந்த பொதுமையைக் குறித்தது. இன்றைய வழக்கில் நீதிமன்ற வளாகத்துச் சமரச மையத்தையும் குறிக்கிறது. கொள்கையை விட்டுக்கொடுத்தலையும் குறிக்கிறது. நவஹோ முறையை அச்சொல்லால் பெயர்த்தால் விட்டுக்கொடுத்தல் என்னும் பொருள் முந்திக்கொள்ளும். ஆகவேதான் இக்கட்டுரை 'அமைதியாக்கம்' என்னும் சொல்லை ஆள்கிறது. 'நால்யேஹ்' என்பதற்கு 'அபராதம்' பொருந்தாது. நம் ஊர்க் கூட்டங்களில் அபராதம் பெரும்பாலும் ஊர்ப் பொதுவுக்குச் செல்வது. நால்யேஹ் தீங்குற்றவருக்கே உரியது. ஒப்புமையையும் இழப்பீட்டையும் ஒருங்கே உணர்த்தும் 'ஈடு' நெருங்கி வருகிறது. 'க்கே' என்பதற்கு, உறவையும் நட்பையும் ஒருங்கே சுட்டும் 'கேண்மை' என்னும் பழந்தமிழ்ச் சொல் ஓரளவு பொருந்தும். ஆனால் மனிதரல்லாத உலகோடும் உள்ள கடப்பாட்டை அது தானாக உணர்த்தாது.

இந்தியாவின் மத்தியஸ்தச் சட்டம், 2023 சமுதாய மத்தியஸ்தத்துக்கென ஓர் இயலை வகுத்துள்ளமையால் இவ்விவாதம் நமக்கும் அணுக்கமானது. வட்டாரத்தின் அமைதி, நல்லிணக்கம் என்பவையே அவ்வியலின் நோக்கச் சொற்கள். தரப்பினரின் முன்னிசைவு அங்கு இன்றியமையாதது. எட்டப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்றத்தக்கதன்று. நவஹோ முறையிலோ உடன்பாடு தீர்ப்பாகலாம். ஆனால் இசைவின் இடம் வலுவற்றிருந்தது. ஒன்றில் மறுக்கும் உரிமை உண்டு, பெற்றதை உறுதிசெய்யும் வழி இல்லை. மற்றதில் பெற்றதை உறுதிசெய்ய வழியுண்டு, மறுக்கும் உரிமை ஐயத்துக்குரியது. வலிமையற்ற தரப்புக்கு இரண்டுமே தேவை. வேற்று மக்களின் அமைதியாக்க முறையை அவர்தம் உறவமைப்பிலிருந்து பிரித்து இரவல் பெறுவதன் இடரைக் கேரல் கோல்ட்பர்க் 1997லேயே எச்சரித்துள்ளமையும் இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

நவஹோ அமைதியாக்கம் பற்றிய விவாதம் பெரிதும் இணக்கம் உண்மையா, போலியா என்பதிலேயே நிலைத்துவிட்டது. அம்மரபின் கருத்தாக்கங்களை உற்று நோக்கின், அதன் உயிர்நிலை உறவுக் கடப்பாட்டில் இருப்பது புலனாகும். உறவு உடையவர் ஈடு செய்ய வேண்டும். உறவு உடையவரைக் கேள்வி கேட்கலாம். அதே கடப்பாடே 'சேர்ந்து வாழ்' என்று பெண்ணின் மீது சுமத்தப்படவும் கூடும். காப்பதும் அழுத்துவதும் ஒரே நெறியாதலால், முழு ஏற்போ முழு மறுப்போ அதனை மதிப்பிட உதவாது.

எனவே பண்பாட்டு வேர்கொண்ட எந்தக் குடும்பச் சமரச முறையையும் ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அழைக்கப்பட்டவர் வர மறுக்க முடியுமா? அவரைச் சூழ அமர்ந்திருப்போர் எவருடைய உறவினர்? தரப்பட்டது போதும் என்று சொன்னவர் எவர்? இவ்வினாக்கள் நவஹோ மரபுக்கு வெளியே இருந்து கொணரப்பட்டவை அல்ல. க்கே, நால்யேஹ் ஆகிய அதன் சொற்களிலிருந்தே பெறப்பட்டவை. தமிழகப் பழங்குடி மக்களின் வழக்குத் தீர்வு முறைகளை ஆராய்வோரும், இணக்கத்தைப் போற்றுவதற்கு முன் அவ்வம்மக்களின் மொழியில் ஈட்டுக்கும் கடமைக்கும் வழங்கும் சொற்களைத் திரட்டுவதிலிருந்து தொடங்கலாம்.